புதுவை வீடுகள் புகட்டும் பாடம்

(ஆடலூர்ப் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி மேடையில் பேசுவதற்குப் படித்த பெரியவர்கள் பலர் இருக்க, என்னைப் போன்ற ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவை கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும்தான். ஆகையால் நான் அறிந்த தொழிலைப் பற்றியே பேசுகிறேன். பிழையிருந்தால் பொறுத்தருளுங்கள்.

நான் இந்த மலையில், ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 1974-ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில் மலையிறங்கி, தருமத்துப்பட்டி வழியாகத் திண்டுக்கல் போய், அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, புதுச்சேரியில் மேஸ்திரியாக இருந்த என் தாய்மாமனிடம் சேர்ந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டினத்தில் சுவர் எழுப்பினேன், சுவர் பூசினேன், சுவர் இடித்தேன். எந்தச் சுவரை இடிக்க வேண்டும், எதை இடிக்கக் கூடாது என்பதை மட்டும் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு

"மலைமேல் இருக்கும் நமக்குக் கடற்கரைப் பட்டினத்தின் கதை எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு அண்டையிலுள்ள தாண்டிக்குடியில் பழைய கல்திட்டைகளை அகழ்ந்து பார்த்தபோது சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் நம் மலையில் விளைவதல்ல. நெடுந்தொலைவிலிருந்து வியாபாரிகள் கை மாறி மாறி வந்து சேர்ந்த பொருள் அது. மிளகும் தேனும் மலைப் பொருட்களும் கீழே இறங்க, மணியும் உப்பும் மேலே ஏறியிருக்கின்றன. நாம் ஒதுங்கிக் கிடந்த மக்கள் அல்ல என்பதற்கு அந்தச் சிறு மணிகளே சாட்சி.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்றொரு மேடு உண்டு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதைத் தோண்டினார். ரோமாபுரி நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலியில் செய்த செந்நிற மட்பாண்டத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. நம் ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த காலத்தை ஒட்டியே அந்தத் துறையில் அயல்நாட்டுச் சரக்கு இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! அங்கேயும் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு உறவும் உண்டு. சேசு சபை தடை செய்யப்பட்டு மீண்டும் உயிர் பெற்ற பிறகு, புதிய மதுரை மிஷனுக்கென 1837-இல் பிரான்சிலிருந்து வந்த முதல் குருக்கள் வந்திறங்கியது புதுச்சேரியில்தான். அங்கிருந்துதான் அவர்கள் மதுரைச் சீமைக்கு வந்தார்கள். பிற்காலத்தில் கொடைக்கானலில் சலேத் மாதா ஆலயமும், செண்பகனூரில் குருமடமும் எழுந்தது அந்த வழியில் வந்தவர்களின் உழைப்பால். ஆகவே புதுவையின் கதையில் நமக்கும் ஒரு மூலை உண்டு.

பட்டினங்கள் கண்ட கலப்பு

கப்பல் வந்து நிற்கும் ஊரில் கட்டடமும் கலந்துதான் இருக்கும். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவை எழுப்பியவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிங். முஸ்லிம் ஞானியின் அடக்கத் தலத்துக்கு இந்து அரசர் கட்டிய கோபுரம் அது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களுக்குள் நுழைந்தால், கருங்கல் தூணும் போதிகையுமாக, ஒரு கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். கல் செதுக்கியவன் கை ஒன்றுதானே! மனித உருவத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூவும் கொடியும் செதுக்கிக் கொடுத்திருக்கிறான். தரங்கம்பாடியில் தஞ்சை நாயக்க மன்னரின் அனுமதியோடு 1620-இல் டேனிஷ்காரர் கோட்டை கட்டினார்கள். அங்கே 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும், பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலும் ஒரே கடற்காற்றை வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

இவற்றை எல்லாம் நான் போய்ப் பார்த்தவன். ஆனால் கல்லோடும் சாந்தோடும் நெருங்கிப் பழகியது புதுவையில்தான்.

ஊரின் அமைப்பு

புதுவையைப் பிரெஞ்சுக்காரர் ஊர் என்கிறோம். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே கால் ஊன்றியது உண்மை. ஆனால் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் அந்தத் தெருக்களின் திட்டம் டச்சுக்காரருடையது. அவர்கள் 1693-இல் ஊரைப் பிடித்து ஆறு ஆண்டு வைத்திருந்தபோது வரைந்தது. அதன்பின் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே இன்று நாம் பார்க்கும் "பிரெஞ்சு நகர"மெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்ததே. எழுப்பியது யார்? திட்டம் வரைந்தவர் பிரெஞ்சு எஞ்சினீயர்; சுவர் எழுப்பியவர் தமிழ்க் கொத்தனார்; நிலையும் சன்னலும் இழைத்தவர் தமிழ்த் தச்சர். கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களோ செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஒரே ஊரில் எத்தனை கை பட்டிருக்கிறது பாருங்கள்!

ஊரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் நகரம். தமிழர் நகரத்துக்குள்ளும் இந்துக்கள் ஒரு பக்கம்; சம்பா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள்; தெற்கே காஜியார் தெரு, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள். "சம்பா கோயில்" என்றால் ஏதோ நெல்லின் பெயர் என்று நான் முதலில் நினைத்தேன்! அர்ச் சின்னப்பர், அதாவது "சான் பாவுலோ" என்ற பெயர் தமிழர் நாவில் "சம்பா" ஆகிவிட்டது. அந்தப் பெயரே ஒரு கலப்புக் கட்டடம்தான்.

இரண்டு வகை வீடுகள்

வெள்ளையர் நகரத்து வீடு தெருவைப் பார்த்து முதுகைக் காட்டும். உயரமான மதில், பெரிய வளைவு வாசல், அதற்கு உள்ளே தோட்டம், அதன்பின் உயர்ந்த தூண்கள் தாங்கும் வராந்தா. சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேல். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சாய்பலகைக் கதவுகள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவனுக்குத் தெரியாது.

தமிழர் நகரத்து வீடு இதற்கு நேர் எதிர். அது தெருவோடு பேசும். முதலில் தெருவை ஒட்டி மரத் தூண்கள் மேல் ஓடு வேய்ந்து இறக்கிய தாழ்வாரம். அது வீட்டுக்காரன் சொந்தச் செலவில் போட்டது; ஆனால் நிழல் தெருவில் நடக்கிறவனுக்கு. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஒரு தெரு முழுவதும் நனையாமல் நடக்கலாம். அதற்கு உள்ளே திண்ணை. வழிப்போக்கன் உட்காரலாம், படுக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அதன்பின் வேலைப்பாடு மிகுந்த கதவு, நடை, அதைத் தாண்டி வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் கூடம். மழையும் வெளிச்சமும் வீட்டின் நடுவுக்கே வந்து இறங்கும்.

இந்த இரண்டும் எதிரெதிர் உலகங்கள். இவை எப்படிக் கலந்தன என்பதுதான் புதுவையின் அழகு.

ஆனந்தரங்கப் பிள்ளை என்ற பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் தாம் சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர். 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் கண்ணை மூடினார். அவருடைய மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் உள்ளது. கீழ்க்கட்டில் முற்றம், சுற்றிலும் செதுக்கிய மரத் தூண்கள். முழுக்க முழுக்கத் தமிழ் வீடு. மாடிக்குப் போனால் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய வெள்ளை வெளேரென்ற தூண்கள், பிரெஞ்சு பாணியில். காலையில் பூசையும் கணக்கும் கீழே. துரைமார் வந்தால் மாடி. ஒருவரையொருவர் விழுங்காமல் இரண்டு நாகரிகங்கள் ஒரே வீட்டில் குடித்தனம் செய்திருக்கின்றன.

பெரியவர் வழியைப் பின்னால் வந்த செட்டியார்களும் முதலியார்களும் பிள்ளைமார்களும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் பின்பற்றினார்கள். வைசியாள் வீதி என்று வழங்கும் கல்வே சுப்பராயச் செட்டியார் வீதியில் போய்ப் பாருங்கள். கீழே தாழ்வாரமும் திண்ணையும்; மேலே வளைவு சன்னல், சுவரோடு ஒட்டிய தூண், இரும்புக் கம்பி வேலைப்பாடு கொண்ட மாடி முகப்பு. காலை ஊன்றியது தமிழ் மண்ணில், தலைக்கு வைத்துக் கொண்டது பிரெஞ்சுத் தொப்பி! ஆனால் அது வேஷமாகத் தெரியவில்லை. அளவு அறிந்து கலந்ததால் அழகாக இருக்கிறது.

வெள்ளையரும் நம்மிடம் கற்றார்கள். அவர்கள் மாளிகைகளின் மேல்தளத்தை அண்ணாந்து பாருங்கள். குறுக்கே மரக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தினாற்போல் சாய்வாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் பல நாள் தட்டித் தட்டி இறுக்கிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்று எஞ்சினீயர்கள் சொல்வது இதைத்தான். இது பாரிசில் இல்லை. நம் வெயிலுக்கு நம் கொத்தனார் கண்ட வழி.

சாந்தின் மகிமை

சாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். என் தொழில் அல்லவா? என் மாமன் காலத்தில் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றிப் பல நாள் புளிக்கவைப்பார்கள். மணலோடு சேர்த்து எருது இழுக்கும் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரை அதில் ஊற்றுவார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினால், சுவர் சலவைக்கல் போல் முகம் காட்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் சம்மனசுகளின் மாதா ஆலயத்தை, ஊரார் "கப்ஸ் கோயில்" என்பார்கள், கப்புச்சின் துறவிகள் பெயரால். 1855-இல் கட்டி முடித்தது. அதன் உட்சுவரின் மெருகு அப்படிப்பட்ட பூச்சுதான் என்று எங்கள் பெரியவர்கள் காட்டுவார்கள். பிரெஞ்சுத் தூண், தமிழ்ச் சாந்து. அந்தச் சாந்துக்கு வேண்டிய கடுக்காயோ நம்மைப் போன்ற மலைக்காடுகளில் விளைவது!

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரத்தை வாங்கும். வெயில் வந்ததும் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் மூக்கைப் பொத்தியது போல் ஆகும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்பைக் கூட்டிக்கொண்டு சுவரை அரிக்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் கையால் கெடுத்துக் கற்றேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாய்க்காலும் சுவரும்

அன்பர்களே, இதுவரை அழகான பக்கத்தையே சொன்னேன். மற்ற பக்கத்தை மறைத்தால் அது நேர்மையாகாது.

கலப்பு என்றதும் எல்லோரும் கைகோத்து வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நடுவில் ஓடிய வாய்க்கால் வெறும் தண்ணீர் போவதற்கு மட்டுமா இருந்தது? இக்கரையில் தமிழன், அக்கரையில் வெள்ளையன் என்று பிரித்துக் காட்டியதும் அதுதான். லயத்தில் பிறந்த எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லயம் என்று பார்த்து வளர்ந்தவன்தானே!

1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. மக்கள் எப்படிக் கதறினார்கள் என்பதை ஆனந்தரங்கர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதற்கு நம் குருக்களில் சிலரும் காரணமாக இருந்தார்கள் என்பதை அந்தக் குறிப்பிலிருந்து அறிகிறோம். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1728 முதல் 1736 வரை கட்டிய நம் பெரிய கோயிலும் ஆங்கிலேயர் கையால் இடிபட்டது. இன்றுள்ள பேராலயம் 1791-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. வேதபுரீஸ்வரர் கோயிலும் வேறிடத்தில் மீண்டும் எழுந்து இன்றும் வழிபாட்டில் உள்ளது. அடுத்தவர் கோயிலை இடித்துத் தன் கோயிலுக்கு மகிமை தேட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதைவிட நம்மை நெருங்கித் தொடும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் பழைய கோயிலுக்கு உள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர். மறுபக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர். ஒரே பலிபீடம், ஒரே அப்பம், நடுவே செங்கல் சுவர்! 1745-இல் தாழ்த்தப்பட்ட மக்கள் குருக்களிடம் போய் முறையிட்டார்கள். "நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு ஏன் இந்தத் தடுப்பு?" என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதியார் சினந்து எழுந்தார்கள். இவற்றையெல்லாம் வெளியில் இருந்து பார்த்து எழுதி வைத்தவர் ஆனந்தரங்கர் என்ற இந்து. நம் குற்றத்தை அயலார் நாட்குறிப்பில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு கலப்புதான். வெளிநாட்டிலிருந்து வந்த கோயில் வடிவத்தோடு, உள்நாட்டுச் சாதிச் சுவரைக் கலந்து கட்டினார்கள். கலப்பு எல்லாம் நல்ல கலப்பு ஆகிவிடாது. தமிழ் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் திண்ணை இருந்தது. அதே ஊரிலிருந்து எடுத்துக்கொள்ளத் தடுப்புச் சுவரும் இருந்தது. எதை எடுத்தோம் என்பதுதான் கேள்வி.

நான் உடைத்த திண்ணை

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். 1986-ஆம் ஆண்டு என்று நினைவு. நான் தனி மேஸ்திரியாகிக் கொஞ்சம் பெயர் எடுத்திருந்த காலம். தமிழர் நகரத்தில் ஒரு விதவைத் தாயாரின் வீடு. நம் வேதத்துக் குடும்பம். கீழே தாழ்வாரம், இரு பக்கமும் திண்ணை. மேலே வளைவு சன்னல் வைத்த ஒரு சிறு மாடி. பிள்ளைகள் தெருப் பக்கம் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்றார்கள். நான் அளந்து பார்த்து, "திண்ணை வீண் இடம், உடைத்துவிடலாம், சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டால் நூறு வருஷம் நிற்கும்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னவன் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட மாட்டேன்.

கடப்பாரையை ஓங்கும்போது அந்தத் தாயார் வாசலில் நின்றார்கள். அந்தத் திண்ணையில்தான் மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களோடு செபமாலை சொல்வார்கள். பகலில் துணி மூட்டை சுமந்து வரும் ஒரு முஸ்லிம் பெரியவர் அங்கே மூட்டையை இறக்கி ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துக் கொஞ்சம் கண்ணயர்வார். மீன்காரம்மா கூடையை வைப்பாள். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "தம்பி, இனிமேல் வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?"

"உள்ளே நாற்காலி போடலாம் அம்மா" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். "உள்ளே வரத் தயங்குகிறவர்களுக்குத்தானே அப்பா திண்ணை!" என்றார்கள்.

நான் உடைத்தேன். ஒரே நாள் வேலை. எட்டு அங்குலச் சாந்துப் படுக்கை, கல் போல் இறுகிப் போயிருந்தது. கடப்பாரை முனை இரண்டு முறை மழுங்கியது. என்னிடம் உடைபட மனமில்லாமல் அது போராடியது போல் இப்போது தோன்றுகிறது.

நூறு வருஷம் நிற்கும் என்ற சுவர் ஏழாவது வருஷமே வியர்த்து, சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. கூரைக் கட்டைகளின் நுனி சுவருக்குள் ஈரத்தில் இருந்து உளுத்துப் போயிற்று. அதற்குள் அந்தத் தாயார் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டையே இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பினார்கள். இதைப் போல என் கையால் மூன்று திண்ணைகளை உடைத்திருக்கிறேன். புதுவையில் இப்படியே நூற்றுக்கணக்கான வீடுகள் போய்விட்டன.

மேரி கட்டடம்

கடற்கரையில் "மேரி" என்றொரு கட்டடம் இருந்தது. மாதாவின் பெயரல்ல; பிரெஞ்சு மொழியில் நகர மன்றத்துக்கு அப்படிப் பெயர். 1870-ஆம் ஆண்டளவில் கட்டியது. உயர்ந்த தூண்கள், அகன்ற மண்டபம். பிறப்பும் இறப்பும் திருமணமும் பதிவு செய்ய ஊர் சனமெல்லாம் ஏறிய படிகள் அவை. சுவரில் வெடிப்பும் கூரையில் செடியுமாகப் பல ஆண்டு கிடந்தது. "பழுது பார்க்கிறோம், பழுது பார்க்கிறோம்" என்று பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் அது இடிந்து விழுந்தது. போய்ப் பார்த்தேன். செங்கல் குவியலின் நடுவே ஒரு தூண் மட்டும் பாதியாக நின்றது. பிறகு அதே வடிவில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனாலும் பழைய சாந்தைத் தட்டிய பெண்களின் கை அதில் இல்லையே!

நல்லதும் நடந்திருக்கிறது. வைசியாள் வீதியில் ஒரு பகுதியை, வீட்டுக்காரர்களும் அரசும் பாரம்பரியக் காப்பு நிறுவனத்தாரும் சேர்ந்து பழைய முறைப்படி புதுப்பித்தார்கள். மறைந்துபோன தாழ்வாரங்கள் மறுபடி இறங்கின. 2008-இல் யுனெஸ்கோ அதற்கு விருது கொடுத்தது. என் வாழ்வின் கடைசி வேலைகள் அப்படிப்பட்டவை. ஓய்வு பெறுவதற்கு முன் சில வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து அரைத்துத் திண்ணை கட்டிக் கொடுத்தேன். உடைத்தது மூன்று, கட்டியது ஐந்து. கணக்கைச் சரிசெய்ய முயன்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

நமக்கு என்ன?

ஜூபிலி ஆண்டு வந்தால் பங்குகளில் கட்டட ஆசை வருவது வழக்கம். பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடலாமா, முகப்பை இடித்துவிட்டுக் கோபுரம் எழுப்பலாமா என்று பேச்சு எழும். நம் மலைக் கிராமங்களிலும் பழைய சிற்றாலயங்கள், பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. இடிக்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மக்கள் பெருகினால் இடம் வேண்டும்தான். ஆனால் கடப்பாரையைத் தூக்கும் முன் நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று: கூரையைப் பாருங்கள். பழைய கட்டடம் சாவது பெரும்பாலும் கூரை ஒழுகித்தான். மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றி, சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்துவிட்டால் பாதிக் கட்டடம் பிழைக்கும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். இரண்டு இளைஞரும் ஓர் ஏணியும் போதும்.

இரண்டு: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். நம் சாரலில் கடற்கரையைவிடச் சீக்கிரம் ஊறும்.

மூன்று: புதிதாகக் கட்டினாலும், வாசலில் தாழ்வாரமும் உட்கார ஒரு திண்ணையும் வையுங்கள். பன்றிமலையிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மழைக்கு ஒதுங்கட்டும். அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனாகவும் இருக்கட்டும். உள்ளே வரத் தயங்குகிறவர்களுக்குத்தான் திண்ணை என்று அந்தத் தாயார் சொன்னதை நான் மறக்கவில்லை.

நான்கு: இடிக்க வேண்டிய சுவர் ஒன்று இருந்தால், முதலில் அதை இடியுங்கள். 1745-இல் புதுவையில் செங்கல் சுவர் போயிற்று. மனச்சுவர் போக நெடுங்காலம் ஆயிற்று. கல்லறைத் தோட்டத்திலும், திருவிழாத் தேர் போகும் தெருவிலும், பந்தியிலும் அது தமிழ்நாட்டில் பல ஊர்களில் நின்றது; சில இடங்களில் இன்றும் நிற்கிறது. நம் ஊரில் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். அவரவர் தம் நெஞ்சைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்கும். சுவரைத் தட்டிப் பார்த்தே பழக்கப்பட்டவன் சொல்கிறேன்.

ஆனந்தரங்கர் மாளிகையில் தமிழ்த் தூணும் பிரெஞ்சுத் தூணும் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டாக ஒரே கூரையைத் தாங்குகின்றன. மரத் தூண் தன்னைக் கல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சுண்ணாம்புத் தூண் தன்னை மரம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பாரம் மட்டும் பொதுவாக இருக்கிறது. கீழ்த்தெரு மேல்தெரு என்றும், தோட்டத்தார் லயத்தார் என்றும் வந்த நாமும் அவ்வாறே ஒரே கூரையைத் தாங்க முடியும்.

ஜூபிலி நினைவாக இந்த ஊரில் ஏதேனும் ஒரு கட்டட வேலை தொடங்கினால், திண்ணை கட்டும் பொறுப்பை எனக்குக் கொடுங்கள். கூலி வேண்டாம். கடுக்காய் நம் காட்டிலேயே கிடைக்கும்; வெல்லம் மட்டும் பங்குப் பேரவை வாங்கித் தரட்டும். வயதாகிவிட்டாலும் கரண்டி பிடிக்கும் கை இன்னும் நடுங்கவில்லை.

 வீடு கட்டுகிறவர்களோடு இறைவன் உடனிருந்து, நம் உழைப்பு வீண் போகாமல் காப்பாராக.